‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று விடாதீர்கள்

முதியோர் மருந்து பற்றி வாசகர்கள் கேட்டவையும் ஒரு மூத்த செவிலியரின் பதில்களும்

சிஸ்டர், நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. முதியோர் வார்டு. காலை 8 மணி மருந்தைக் கொடுத்து முடிக்க எனக்கு ஒன்பதரை ஆகிவிடுகிறது, மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் பி.பி., பல்ஸ் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா? எதையாவது விடலாமா?

எல்லாருக்கும் எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. பாராசிட்டமாலுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்பதரை என்ன, பத்தரைகூட ஆகும். மருந்தைத் தொடும் முன்னால் சார்ட்டை ஒருமுறை முழுசாகப் புரட்டுங்கள். பார்க்காமல் கொடுக்கவே கூடாத மருந்து யார் யாருக்கு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 பேர் இருக்கும் வார்டில் அப்படிப்பட்டவர்கள் ஆறேழு பேர்தான் வருவார்கள், உங்கள் நேரத்தை அவர்களிடம் செலவழியுங்கள். இன்சுலினும் பார்க்கின்சன் மாத்திரையும் நேரம் தவறக் கூடாதவை, அதனால் அந்த நோயாளிகளை முதலில் முடித்துவிடுங்கள்.

டிகாக்சின் என்ற இதய மருந்து இருந்தால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். மணிக்கட்டில் கால் நிமிடம் பிடித்து நாலால் பெருக்கும் வேலையே வேண்டாம். டிகாக்சின் சாப்பிடும் பலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும், நெஞ்சில் கேட்கும் துடிப்பு எல்லாமே மணிக்கட்டுக்கு வந்து சேராது. 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் உங்களைப் போலப் புதிதாக இருந்தபோது ஒரு பெரியவர் டிகாக்சினும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை, வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்றார். அவருடைய மகன் “வயசாயிட்டா அப்படித்தான் சிஸ்டர்” என்று சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்த மூன்று நாளும் மணிக்கட்டைக் கால் நிமிடம் பிடித்துவிட்டு 64, 60, 64 என்று எழுதி, மாத்திரையை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். நாலாம் நாள் காலை, “விளக்கைச் சுத்தி மஞ்சளா வளையம் வளையமா தெரியுதும்மா” என்றார். அப்புறம்தான் நெஞ்சில் வைத்து எண்ணினேன், 44. நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் பிடி இதயத்தில் இறுகிவிடும். சாப்பாடு இறங்காமல் போனதுதான் முதல் எச்சரிக்கை, அதை மூன்று நாள் நான் கேட்டும் கேட்காமல் இருந்தேன். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த 64, 60, 64 இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் படுத்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். 5 நிமிடம் படுக்க வைத்துப் பாருங்கள், பிறகு பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு இந்த இறக்கம்தான் காரணமாக இருக்கும்.

இன்சுலின் போடும் முன் சர்க்கரை அளவு பார்ப்பீர்கள், சரி. சாப்பாடு எதிரில் வந்துவிட்டதா, அவர் சாப்பிடுகிற நிலையில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இளையவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். முதியவர் சும்மா உளறலாம், கோபப்படலாம், பேசாமல் படுத்திருக்கலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகும்.

மார்ஃபின் போன்ற வலி மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் மூச்சை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைவதற்கு முன்பே மயக்கம் தெரிய ஆரம்பிக்கும். கூப்பிட்டால் கண் திறந்து, பதில் சொல்லும்போதே பாதியில் தூங்கிப்போகிறார் என்றால் அடுத்த டோஸைக் கையில் எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு 81 வயது. சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தூக்கத்துக்கு ஏற்கெனவே டயசிபாம் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூக்கம், என்ன கிழமை என்று தெரியவில்லை, சிறுநீர் சரியாகப் போகவில்லை. கிட்னி டெஸ்ட் நார்மல்தான். வயசு காரணமாக இருக்குமா?

வயசு இரண்டே நாளில் வந்துவிடாது. திடீரென்று வந்த குழப்பத்தை மறதி நோய் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கை தொங்குகிறது, வாய் கோணுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நீங்கள் வாங்கியது குளோர்பெனிரமைன் போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரையாக இருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். மூளையை மந்தமாக்கும், சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கல் தரும். 1991-இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போட்டார். அங்குள்ள முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது, 2023 பதிப்பில் இந்த வகை அலர்ஜி மாத்திரையும் இருக்கிறது, டயசிபாமும் இருக்கிறது. வயதாக ஆக உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும். டயசிபாம் அதில் போய்ப் படிந்துகொண்டு நாள்கணக்கில் மெதுவாகக் கரையும், அதனால் இன்று போட்ட மாத்திரையோடு முந்தாநாள் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்கிறது. ஆனாலும் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், பல நாள் பழகியவர்களுக்கு அப்படி நிறுத்துவதும் ஆபத்து.

கிட்னி டெஸ்ட் பற்றி. அதில் அளக்கும் கிரியாட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. அம்மாவின் வயதில் தசையே குறைந்திருக்கும் என்பதால் கிட்னி பாதிதான் வேலை செய்தாலும் அந்த எண் நார்மலாகத் தெரியலாம். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும், டாக்டரிடம் அதைக் கேளுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், கண் சொட்டு மருந்து வரைக்கும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீட்டில் வயதானவர் மாத்திரையை விழுங்க மறுக்கிறார். பொடித்துக் கொடுக்கலாமா?

சிலவற்றைப் பொடிக்கலாம், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் மாத்திரையைப் பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர். என்று இருந்தால் கை வைக்காதீர்கள், மருந்தாளுநரிடம் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். ஏன் மறுக்கிறார் என்றும் பாருங்கள், வாய் வறண்டிருக்கலாம், புண் இருக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சரியாக விழுங்கினால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.