டீச்சரிடம் கேளுங்கள்: ‘பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு ஏறுமா?’

கேள்வி: என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், கூடுதல் கணிதத்தில் அவளுக்கு ‘இ’தான். ஆறாம் படிவத்தில் கணிதமே எடுக்கவில்லை. முதல் வருஷத்திலேயே கணக்குப் பாடம் இருக்கிறதாம். “பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, பேசாம டீச்சர் வேலைக்கு அனுப்பு” என்கிறார் என் அண்ணன். அது உண்மையா? என் மகன் அதே பாடத்தில் ‘ஏ’ எடுத்தவன். டவுனுக்கு மோட்டாரில் ராத்திரி டியூஷன் போய் வந்தான். இவளை அந்த நேரத்தில் அனுப்ப மனசு வரவில்லை.
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பதிலை நீங்களே கடைசி இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள், அம்மா. (நானும் டீச்சர்தான், கணக்கு டீச்சர். அண்ணனிடம் சொல்லுங்கள்.)

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1972இல் சேர்ந்தவர்களை லூசி செல்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். பள்ளியில் நான்கு வருஷமும் கணக்குப் படித்துவிட்டு வந்த ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் வெறும் 8 பேர். அந்த நான்கு வருஷம் இல்லாதவர்களுக்கு முதலாண்டு நுண்கணித (கால்குலஸ்) வகுப்பின் கதவு திறக்கவில்லை. அதை நம்பியிருந்த பட்டப் படிப்புகளும் அப்படியே போயின. புத்தி குறைந்தா போயிற்று? பள்ளியிலேயே பாடம் விட்டுப்போயிருந்தது.

என் கதையும் அதுதான். பால்மரத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தம்பி பாடத்தை முடித்துவிடுவான். நான் பாத்திரம் கழுவி, விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகும் அம்மாவுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு உட்காரும்போது விளக்கு அணையும். பல்கலைக்கழகத்தில் முதல் சோதனையில் எனக்கு 23 மார்க். கழிவறையில் போய் அழுதேன்.

பிறகு விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், வகையிடல் (ஒன்று மாறினால் இன்னொன்று எந்த வேகத்தில் மாறும் என்று காணும் நுண்கணிதக் கணக்கு) எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் கவிழ்ந்திருந்தேன். 10−(7−3) என்றால் 10−7−3 என்று எழுதிப் பூஜ்யம் காண்கிற ஜாதி நான். அடைப்புக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி உள்ளே போனால் இரண்டாவது எண்ணின் குறியும் மாற வேண்டும், விடை 6. இரண்டாம் படிவத்துப் பிழை, பல்கலைக்கழகம் வரை கூடவே வந்திருந்தது.

ஆகவே மகளிடம் உங்கள் மகனுடைய பழைய நான்காம், ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதப் புத்தகங்களைக் கொடுங்கள். முதலில் பின்னம், அடைப்புக்குறி. அது கை வந்தபிறகு அடுக்கு, மடக்கை, சார்பு. வகையிடலைக் கடைசியில் தொடட்டும், ஆனால் விடக் கூடாது. கூட ஒரு சாமான் செய்தால் மொத்தச் செலவு எவ்வளவு ஏறும் என்று பொருளாதாரத்தில் கேட்பார்களே, இறுதிநிலைச் செலவு, அது வகையிடல்தான். தினமும் ஒரு மணி நேரம், விளக்கு வைத்த உடனே. அந்த நேரத்தில் பாத்திரத்தை யாராவது கழுவட்டும்.

டியூஷனும் சேர்த்துவிடுங்கள். வகுப்பு முடியும் நேரத்துக்கு மகனை மோட்டாரோடு வாசலில் நிற்கச் சொல்லுங்கள். வழி தெரிந்தவன்தானே.