உளியும் டேபிள் சாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மரப்பட்டறையில் வேலை கற்ற நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு 34 வயது, அலுவலக வேலை. ஊரில் தாத்தா ஆசாரி. அவருடைய இழைப்புளி மட்டும் என்னிடம் இருக்கிறது. மேசை, நாற்காலி செய்யக் கற்க ஆசை. முதலில் டேபிள் சா (மேசையில் பொருத்திய மின்ரம்பம்) வாங்கட்டுமா? வார இறுதி வகுப்பு போதுமா? வயது கடந்துவிட்டதா?

க., ஈசூன்

அன்புள்ள க.,

டேபிள் சா வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இங்கே சிங்கப்பூரில் ‘கார்பெண்டர்’ என்றால் பெரும்பாலும் பிளைவுட்டை அறுத்து, லேமினேட் ஒட்டி, சுவரோடு அலமாரி பொருத்துபவர். நல்ல தொழில்தான். ஆனால் தாத்தாவின் இழைப்புளிக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் கேட்பது கட்டை மரத்தில் ஒரு துண்டின் முனையில் நாக்கும் மற்றதில் அது நுழையும் துளையும் வெட்டிச் சேர்க்கும் வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுங்கை காடுட்டில் ஒரு சீனப் பெரியவரிடம் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் பட்டறையைக் கூட்டினேன், உளி தீட்டினேன், அவ்வளவுதான். அவருக்குத் தியோச்சியூ என்ற சீன மொழி, எனக்குத் தமிழ், நடுவில் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாய். நான் தீட்டிய உளியை வாங்கி, பைன் துண்டின் நார் முடியும் முகத்தில் ஒரு தள்ளு தள்ளுவார். கூர் சரியென்றால் வெட்டிய இடம் பளபளக்கும். இல்லையென்றால் நார் நசுங்கிப் பொடியாக உதிரும். “லாகி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மலாயில் ‘இன்னும்’. கனவில்கூட அந்தச் சொல் கேட்டிருக்கிறது.

சாய்ந்த முகத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்ததுதான் என் தப்பு. உளியின் முதுகு, நுனியருகிலாவது, கண்ணாடிபோல் தட்டையாக இல்லாவிட்டால் எத்தனை தேய்த்தாலும் கூர் வராது. அப்புறம் சாய்வு: 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30-ல் தீட்டுவது வழக்கம். நுனியில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள், கல் எங்கே படவில்லை என்பது தெரிந்துவிடும். முதுகுப்பக்கம் நுனி நெடுக மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட்டால் அடுத்த கல்லுக்குப் போகலாம். 1000, அப்புறம் அதைவிட நைசான 6000 எண், இரண்டு கல் போதும்.

கோடு போடுவது அடுத்தது. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கீறலுக்குக் கிடையாது. உளி அந்தக் கீறலில் தானாக உட்காரும். துளையின் அகலம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று. துளையை முதலில் வெட்டிவிட்டு நாக்கை அதற்கேற்றபடி செதுக்குங்கள். நாக்கைச் சீவுவது எளிது, வெட்டிய துளையைச் சிறிதாக்க முடியாது.

ஓர் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நானாகச் செய்த முதல் தேக்கு மேசையின் பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி பசை போட்டு ஒட்டினேன். திறந்த பட்டறையின் ஈரக்காற்றில் இருந்த மரம் ஏசி அறைக்குப் போய் நாருக்குக் குறுக்கே சுருங்கியது. 60 செ.மீ. அகலப் பலகை அரை செ.மீ. வரை சுருங்கக்கூடும், நார் ஓடும் திசையில் அநேகமாக மாற்றமே இருக்காது. இரண்டே மாதத்தில் நடுவில் பிளந்தது. பலகை நகர இடம் விட்டு, நீள்துளையில் திருகாணி போட்டிருக்க வேண்டும். சிஃபு, அதாவது என் ஆசானான அந்தப் பெரியவர், பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வார இறுதி வகுப்புக்குப் போங்கள், கருவி பிடிக்கப் பழக அது உதவும். திறன் கற்க அரசு தரும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி அதற்குச் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே இணைப்பை முப்பது தடவை வெட்ட வகுப்பில் நேரம் தரமாட்டார்கள். அதை வீட்டில் நீங்கள்தான் வெட்ட வேண்டும். உளிக்கும் சிறு பல் ரம்பத்துக்கும் சத்தம் குறைவு, பக்கத்து வீட்டுக்காரரும் பொறுத்துக்கொள்வார்.

வயது? நான் சேர்ந்தபோது எனக்கு 41. மூக்குக்கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.