பதினைந்து வயது ஆல்ட்டோவும் பிரேக் இன்ஸ்பெக்டரும்: கேள்வி பதில்

பதினைந்து வருஷத்துக்கு முன் வாங்கிய சின்னக் கார்களுக்கு ஆர்.சி. முடிகிற காலம் இது. சொந்த உபயோகக் காருக்கு முதலில் 15 வருஷம். அதன்பின் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது பலகையில் உள்ள பெயர். ஊர் வாயில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். பெயருக்கேற்ப முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பார். என் பட்டறையில் இப்படித் தயார் செய்து அனுப்பிய சின்ன வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

திண்டுக்கல்: அண்ணா, 2010 ஆல்ட்டோ. இன்ஜின் சத்தமே இல்லாம ஓடுது. அப்படியே கொண்டு போகலாமா?

எல்லாரும் இன்ஜினைத்தான் சொல்கிறீர்கள். அங்கே இன்ஜினை யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு முதல் கியரில் லேசாகக் கிளட்சை விட்டுப் பாருங்கள். வண்டி நகர்ந்தால் திரும்பி வருவீர்கள்.

ஆல்ட்டோவில் இது ஏன் போகிறது என்றால், பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவை நனைத்துவிடும். கால் பிரேக்கில் முன்சக்கர டிஸ்க் பாதிக்கு மேல் வேலை செய்துவிடுவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஹேண்ட் பிரேக்குக்கோ பின்சக்கரம் மட்டும்தான் கதி. பல மெக்கானிக்குகள் லீவருக்கு அடியில் இருக்கிற நட்டை இறுக்கி, "முடிஞ்சது சார்" என்பார்கள். அது வேலையே இல்லை. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், சக்கரம் சுடும், மைலேஜும் போகும். டிரம்மைக் கழற்றி, கசிவை நிறுத்தி, ஷூ இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள். மாற்றுங்கள்.

இன்னொன்று. ஆர்.சி.யில் எச்.பி., அதாவது லோன் கொடுத்த வங்கிக்கு வண்டி அடமானம் என்ற பதிவு, கேன்சல் ஆகியிருக்கிறதா? லோன் முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், வங்கி பெயர் மட்டும் அதிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த வங்கியே வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கும். பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கடிதம் வாங்க அலைய நாளாகும். இதை முதலில் பாருங்கள்.

வேலூர்: 15 வருஷம் முடிஞ்சா வண்டிய நசுக்கிடுவாங்களாமே?

அது டெல்லிச் செய்தி. அந்தப் பகுதியில்தான் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் என்று தடை வந்தது. 2023 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் தாண்டினால் கழிக்க வேண்டும் என்பது அரசு வாகனங்களுக்கு. உங்கள் வண்டி சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

நாகப்பட்டினம்: கடல் காத்து சார். ரன்னிங் போர்டுல ஓட்டை. பட்டி போட்டு பெயின்ட் அடிச்சிட்டா தெரியாதுல்ல?

காந்தம் வைத்தால் தெரியும். தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. அனுபவப்பட்டவர் விரலால் தட்டியே கண்டுபிடிப்பார். அவரை விடுங்கள், நாளைக்கு ஜாக்கி வைக்கும்போது உள்ளே போய்விடும். அழுகியதை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வெல்டிங் செய்து, அடியில் ஆன்டி ரஸ்ட் அடியுங்கள். முன் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் அழுகியிருந்தால் செலவு செய்யாதீர்கள், விற்றுவிடுங்கள். சேசிஸ் நம்பர் மீதும் துரு ஏறியிருக்கும். மெதுவாகத் துடைத்து வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணையே அழித்துவிட்டு என்னிடம் வந்தவர் உண்டு.

கோவை: எவ்வளவு ஆகும்?

ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய், அதிலிருந்து 5,000. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதம் 500 ஏறும். முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை வைக்காதீர்கள்.

சேலம்: புகை டெஸ்ட்ல ரெண்டு தடவ ஃபெயில். பிளக், ஃபில்டர் எல்லாம் புதுசு.

வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிற சென்டருக்குப் போனீர்களா? புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் காட்டுங்கள். பி.எஸ்.3 என்ற புகைத் தரத்தில் வந்த பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம்தான் வரம்பு. அப்போதும் தேறாவிட்டால் ஆக்சிஜன் சென்சார்.

மதுரை: சன் ஃபிலிம் இருக்கு. 50 சதவீதம்னு கடைல சொன்னாங்க, அதனால சட்டப்படி சரிதான?

கிழித்துவிட்டுப் போங்கள். 2012-இல் சுப்ரீம் கோர்ட்டே ஃபிலிம் ஒட்டக்கூடாது என்றது.

மதுரை: அது பழசுங்க. விதிய மாத்திட்டாங்க, 2024-ல கேரள ஹைகோர்ட் ஒட்டலாம்னு சொல்லிருச்சு.

திருச்சி: ஆமா, என் அம்மாவுக்கு வெயில் பட்டா தோல் வெடிக்குது. கொஞ்சம் மனுஷத்தனமா பேசுங்க.

அம்மாவுக்காகக் கேட்கிறீர்கள், சரி, கணக்கையே போடுவோம். கேரளத் தீர்ப்பும் "எவ்வளவு கருப்பும் ஒட்டு" என்று சொல்லவில்லை. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்ற வரம்புக்குள்தான். கடைக்காரர் சொல்வது ஃபிலிமின் அளவு. கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை, கம்பெனியிலேயே லேசான பச்சை இருக்கும். அது 75 சதவீதம் விடுகிறது, ஃபிலிம் 50 விடுகிறது என்றால், 75-இல் பாதி 37.5. வரம்புக்குக் கீழே போயாச்சு. 65 சதவீத ஃபிலிம் ஒட்டினாலும் 49-க்குக் கீழ்தான். பெருக்க வேண்டும், யாரும் பெருக்குவதில்லை. நிறமே இல்லாமல் வெப்பத்தை மட்டும் தடுக்கிற ஃபிலிம் என்றால் வரம்புக்குள் நிற்கலாம். ஆனால் சோதனை நாளில் தீர்ப்பு நகலை நீட்டி வாதாடுவீர்களா, வண்டியைக் காட்டுவீர்களா? நான் என்றால் எடுத்துவிட்டுப் போவேன்.

மதுரை: ஆக, ஒட்டலாம்னு ஒத்துக்கிறீங்க.

பெருக்கிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள் என்கிறேன்.

கரூர்: ஆம்னியில கேஸ் கிட், ஆர்.சி.ல ஏத்தல.

முதலில் ஏற்றுங்கள். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டுகிறவராக இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள். குழந்தைகள் உட்காருகிற வண்டி அது.

தஞ்சை: ஹெட்லைட் மங்கல். எல்.இ.டி. பல்ப் போட்டாச்சு, சூப்பரா இருக்கு.

உங்களுக்குச் சூப்பர், எதிரே வருகிறவனுக்குக் கண் போகும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. வெளிச்சம் சிதறும். பழைய 60/55 வாட் பல்பையே போடுங்கள். ரிஃப்ளெக்டர் வெளுத்திருந்தால் மொத்த விளக்கையும் மாற்றுங்கள்.

ஓசூர்: டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்கு, ஆனா பழசு.

பட்டன், அதாவது டயர் மேட்டின் உயரம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஆகாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 1214 என்றால் 2014-இன் பன்னிரண்டாவது வாரம். வெடிப்பு விட்டிருந்தால் பட்டனைப் பார்க்காதீர்கள். மாற்றுங்கள்.

நெல்லை: என் புல்லட்டுக்கு...

பைக் நான் பார்ப்பதில்லை.

கடலூர்: 15 வருஷம் ஆனா வண்டிய எடுத்துக்குவாங்களா?

வேலூர்க்காரருக்குச் சொன்னது மேலே இருக்கிறது.

தருமபுரி: அண்ணே, 15 வருஷத்துக்கு அப்புறம் ஸ்கிராப்தானா?

இல்லை. எச்.பி. கேன்சல் பண்ணியாச்சா?