டிஸ்கஸ் உடம்பில் கரும்புள்ளி: மருந்தில் போகுமா?

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் ஷெட் போட்டு டிஸ்கஸ் என்ற அலங்கார மீன் வளர்க்கிறேன். பிஜியன் பிளட் வகைச் சிவப்பு மீன்கள். வாங்கியபோது பளிச்சென்று இருந்தவை, இரண்டு மாதத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியாகிவிட்டன. தொட்டியின் மூன்று பக்கமும் கருப்புத் துணி கட்டி, உள்ளே மரக்கட்டையும் வாதாம் இலையும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் கலர் தீவனமும், பெயர் ஒட்டாத பாட்டிலில் ஒரு மருந்தும் கொடுத்தார். எதைப் போட்டால் புள்ளி போகும்? இன்னொன்று, ஒரு ஜோடி இரண்டு முறை குஞ்சு பொரித்தது. நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் ஃபில்டரில் போய் ஒட்டிக்கொண்டு செத்துவிட்டன. தண்ணீர்க் கோளாறா?

பதில்: புள்ளி நோயல்ல, மருந்து வேண்டாம். கருப்புத் துணியை அவிழ்த்துவிடுங்கள்.

மீன் தன் கண்ணால் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் தோலின் கருமையைக் கூட்டிக் குறைக்கிறது. பயந்தால் சில நிமிடங்களில் கருப்பதும் வெளுப்பதும் தோல் செல்லுக்குள் கருநிறமி விரிந்து சுருங்குவதால். வாரக்கணக்கில் இருட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தால் கரும் செல்களே பெருகிவிடும். சாதாரண டிஸ்கஸுக்கு அந்தக் கருமை ஒன்பது செங்குத்துப் பட்டைகளில் தெரியும். பிஜியன் பிளட்டுக்குப் பட்டை இல்லை, அதனால் புள்ளியாகச் சிதறுகிறது. மரக்கட்டையும் இலைச்சாறும் அமேசானின் கருந்தண்ணீரில் பிடித்த காட்டு மீனுக்குப் பொருந்தும். உங்களுடையது 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பண்ணையில் உருவான வகை, எந்த ஆற்றையும் கண்டதில்லை.

பின்பக்கமும் அடியும் வெளிர்நீலமாக இருக்கட்டும். கண்ணாடிக்கு வெளியே பெயின்ட் அடித்தாலும் சரி, சார்ட் பேப்பர் ஒட்டினாலும் சரி. பலரும் பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு அடியில் கருமணலை விட்டுவிடுகிறார்கள். அடியை முதலில் மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சண்டை போடுவது இதனால்தான். மணலே வேண்டாம், வெறுங்கண்ணாடி போதும், கழிவை உறிஞ்சவும் வசதி. புள்ளி சில வாரத்தில் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன். வம்சத்திலேயே புள்ளி அதிகமுள்ள மீனை ஜோடி சேர்க்காதீர்கள். டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை டிஸ்கஸ் வைத்திருந்தால் தனித்தொட்டி கொடுங்கள், வெளிர்நீலத்தில் அது சோகை பிடித்ததுபோல் வெளுத்து நிற்கும்.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் உணவு தாய் தகப்பன் தோலில் சுரக்கும் சளி. குஞ்சு நீந்தும் நேரம் பெற்றோர் உடம்பு கருக்கும், குஞ்சுகள் அந்தக் கருமையைத் தேடிப் போய் ஒட்டும். பிஜியன் பிளட்டால் அப்படிக் கருக்க முடியாது. உங்கள் தொட்டியில் கருப்பாக இருந்தவை துணியும் கட்டையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும்தான். குஞ்சு அங்கே போய்ப் பட்டினியில் செத்திருக்கிறது. பாவம் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டீர்கள்! அடுத்த முட்டைக்கு அந்தத் தொட்டியில் பெற்றோரைவிடக் கருப்பாக எதுவும் இருக்கக் கூடாது. ஃபில்டரை எடுத்துவிட்டு மெல்லிய காற்று மட்டும் விடுங்கள், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். குஞ்சு நீந்தும் நாளில் நீர்மட்டத்தைக் குறைத்துவிடுங்கள், இரவில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும்.

கடைக்காரர் விஷயம். சிவப்பு டியூப் போட்ட தொட்டியில் எந்த மீனும் சிவப்புத்தான். வெள்ளை விளக்கில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு அங்குல டர்க்காய்ஸ் குஞ்சு வளர்ந்த மீனின் நிறத்தோடு நின்றால், ஓசியில் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் அதைச் செய்யும். தீவனத்தை நிறுத்தினால் நிறம் போய்விடும், இனப்பெருக்கமும் கெடும். கலர் தீவனத்தில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமி சிவப்பைக் கூட்டும், அவ்வளவே. கருப்பை அது தொடாது. புள்ளிக்கென்று அதை விற்றவர் ஒன்று தெரியாதவர், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவர்.

ஒரே ஒரு மீன் மட்டும் உடம்பு முழுக்கக் கருத்து, மூலையில் ஒதுங்கி, தீனி தொடாமல், வெள்ளை நூல்போல் கழிந்தால் அது வேறு கதை, குடல் நோய். அதைப் பிரித்து வைத்துவிட்டு எழுதுங்கள். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷெட்டுக்குள் அடிக்கும், ஹீட்டர் 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்கிறதா என்று இரவில் ஒருமுறை பாருங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.