அவுட்டேஜ் பதிவு: கேள்வி பதில்

வட அமெரிக்காவில் 20 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள அனல், எரிவாயு யூனிட்டுகள் தங்கள் நிறுத்தங்களை (அவுட்டேஜ்), மின்கட்டமைப்பின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் நெர்க் (NERC) அமைப்பின் ‘கேட்ஸ்’ (GADS) தரவுத்தளத்துக்கு அனுப்புவது 2013 முதல் கட்டாயம். அந்தப் பதிவு பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பாய்லர் ட்யூப் லீக், புதன்கிழமை தெரிந்தது. சனி இரவு நிறுத்தினோம். நாங்களே நாள் குறித்ததால் பராமரிப்பு நிறுத்தம் (எம்.ஓ.) தானே சார்?

பதில்: நாள் குறித்தது யார் என்பது கணக்கில்லை. அந்த ஞாயிறு நள்ளிரவைத் தாண்டியும் ஓட்டியிருக்க முடியுமா? முடியும் என்றால் எம்.ஓ. முடியாது என்றால் யூ3, அதாவது தள்ளிப்போட்ட ஃபோர்ஸ்டு அவுட்டேஜ் (கோளாறால் வேறு வழியின்றி வந்த நிறுத்தம்). முடிவெடுத்த அன்றே காரணத்தை லாக் புக்கில் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஓவர்ஹாலில் எல்.பி. (குறைந்த அழுத்த) டர்பைனைத் திறந்தோம். கடைசி வரிசை பிளேடின் வேரில் விரிசல், பெனட்ரன்ட் டெஸ்ட்டில் (சாயம் பூசி விரிசல் தேடும் சோதனை) சிவப்புக் கோடாகத் தெரிந்தது. குறித்த தேதியைத் தாண்டி ஐந்து நாள் ஆகிவிட்டது. திட்ட நீட்டிப்பு (பி.இ.) போடலாமா?

பதில்: கூடாது. முதலில் ஒப்புக்கொண்ட வேலையே இழுத்தால்தான் பி.இ. இது உள்ளே போனபின் கண்டுபிடித்தது. குறித்த தேதிவரை திட்ட நிறுத்தம் (பி.ஓ.), அது முடியும் அதே நிமிடத்தில் யூ1 (உடனடி ஃபோர்ஸ்டு அவுட்டேஜ்) தொடங்கும். நடுவே இடைவெளி விடாதீர்கள், விட்டால் மணிக்கணக்கு உதைக்கும்.

கேள்வி: எங்கள் ஆலையில் எல்லாரும் பி.இ. என்றுதான் போடுகிறார்கள். யூனிட் எப்படியும் நின்றுதானே கிடக்கிறது?

பதில்: ஐந்து நாள் என்பது 120 மணி. வருடத்தில் 6,820 மணி ஓடி, இந்த 120-ஐயும் சேர்த்து 180 மணி ஃபோர்ஸ்டு என்றால், ஓடிய மணியும் ஃபோர்ஸ்டு மணியும் சேர்ந்த மொத்தத்தில் ஃபோர்ஸ்டின் விகிதம் 2.57 சதவீதம். 120-ஐ பி.இ.யில் ஒளித்தால் 0.87. அந்த எண்ணை நம்பித்தான் உபரி மின்திறன் எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். பிளேடு விரிசல் புள்ளிவிவரத்திலிருந்தே மறைந்துபோனால், அதே மாடல் டர்பைன் வைத்திருக்கும் அடுத்த ஆலைக்கு எச்சரிக்கை எப்படிப் போகும்?

கேள்வி: ஆனால் பிளேடு பரிசோதனை எங்கள் வேலைப் பட்டியலில் இருந்ததே?

பதில்: பரிசோதனை இருந்தது, சரி. பிளேடு மாற்றுவது இருந்ததா? இல்லையென்றால் யூ1.

கேள்வி: சார், லீக் சனி மதியம் தெரிந்தது. திங்கள்வரை ஓட்டிவிட்டோம். இப்போது எம்.ஓ.தானே?

பதில்: மறுபடியும் அதே கேள்வி. வார இறுதிக்குள் தெரிந்தால் அந்த வார இறுதி கணக்கில் வராது. அடுத்த ஞாயிறைத் தாண்ட வேண்டும். முதல் பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: காற்றாலைக்கும் இதே விதியா?

பதில்: இல்லை. அதற்கு கேட்ஸில் தனி வழிகாட்டி இருக்கிறது, அதைப் பாருங்கள்.

கேள்வி: ரிப்பேர் முடிந்தது, கிரிட் கூப்பிடவில்லை. யூ1 தொடருமா?

பதில்: யூனிட் தயார் என்று அறிவித்த நிமிடத்தோடு யூ1 முடிந்தது. அங்கிருந்து ரிசர்வ் ஷட்டவுன், அதாவது தயாராக இருந்தும் மின்சாரம் தேவைப்படாததால் நிற்பது. ஆனால் அந்த நேரத்தில் ஃபீட் பம்பைக் கழற்றி, யூனிட்டைக் கிளப்ப முடியாத நிலையில் வைத்தால் அது ரிசர்வ் இல்லை, தனி நிறுத்தம். கழற்றிய நேரத்தையும் மாட்டிய நேரத்தையும் ஷிஃப்ட் இன்ஜினியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பதியுங்கள்.