வறுமை ஒழிப்புப் பாடத்தில் ஓட்டை எங்கே?

கேள்வி: ஆறாம் படிவ மாணவர்களுக்கு மலேசியாவின் வறுமை ஒழிப்புக் கொள்கைகளை நான்கு பாடவேளைகளில் நடத்துகிறேன். புதிய பொருளாதாரக் கொள்கை, ஃபெல்டா (நிலமற்றோருக்கான நிலக் குடியேற்றத் திட்டம்), குறைந்தபட்சச் சம்பளம், எஸ்டிஆர் (குறைந்த வருமானமுள்ளோருக்கு அரசு தரும் ரொக்க உதவித்தொகை) என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில் சோதனை வைக்கிறேன். புள்ளிகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் யாரும் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்பதில்லை. குறையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: முதலில் உங்கள் சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ‘மூன்று திட்டங்களைக் குறிப்பிடுக’ போன்ற கேள்விகளே நிறைந்திருந்தால் பாடமும் பட்டியலாகத்தான் போயிருக்கும். பட்டியலில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அடுத்தது எண்கள். இந்தப் பாடம் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தீபகற்பத்தில் 1970-இல் 49.3 விழுக்காடாக இருந்த வறுமை, 2016-இல் நாடளவில் 0.4 விழுக்காடு என்று எழுதி அம்புக்குறி போட்டுவிடுகிறோம். அந்த 0.4-க்கு அடியில் இருந்த வறுமைக் கோடு, குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். நால்வர் குடும்பமென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட். 2020-இல் அரசு கணக்கிடும் முறையைத் திருத்தியபோது கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. புதிய முறைப்படி அதே 2016-இன் விகிதம் 7.6. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 8 ரிங்கிட்டுக்குள் சாப்பாடு, பஸ், வாடகை, மின்சாரம் எல்லாவற்றையும் அடக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும், கேள்விகள் தாமாக வரும். 2,208 என்பது சராசரிதான், குடும்பத்தின் அளவையும் இருப்பிடத்தையும் பொறுத்துக் கோடு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் அது.

மூன்றாவது, விடுபட்டவர்கள். கற்பனைக் குடும்ப அட்டைகள் நான்கு தயாரியுங்கள். உணவு விநியோகிக்கும் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர்: 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது, ஆனால் சுயதொழில் செய்பவருக்கு அது பொருந்தாது. சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கானது) வைத்திருக்கும் பாட்டி: இங்கேயே உழைத்து மூப்படைந்தவர், ஆனால் எஸ்டிஆர் குடிமக்களுக்கு மட்டுமே. பழைய தோட்டத் தொழிலாளி: தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற வளர்ச்சித் திட்டங்கள் லயத்து வீடுகளைப் பெரும்பாலும் எட்டவில்லை. கடைசியாக, ஓவர்டைம் செய்து மாத வருமானம் 2,500 ரிங்கிட்டைத் தாண்டிய குடும்பம்: எஸ்டிஆர் குறைந்த படிக்கு இறங்கிவிடும். ஒவ்வோர் அட்டைக்கும் எந்தத் திட்டம் எட்டுகிறது, எது எட்டவில்லை, ஏன் என்று குழுவாக எழுதட்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மாணவர்களின் சொந்த வீட்டு வருமானத்தைக் கேட்கவே வேண்டாம். உதவித்தொகை வாங்கும் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் நேரம் வேண்டுமென்றால் திட்டங்களின் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். சோதனையில் ஒரு புதிய அட்டையைக் கொடுத்து 10 புள்ளிகளை இப்படிப் பிரியுங்கள்: திட்டத்தின் பெயருக்கு 2, அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 4, யாரை ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கு 4.