சுவரைக் கொத்தாமல் சுவிட்ச்: எல்.இ.டி. விளக்குக் கேள்வி பதில்

தக்கலை: அண்ணாச்சி, தாத்தா காலத்து ஓட்டு வீடு, மேலே மரத் தட்டு. கட்டில் பக்கத்துல ஒரு சுவிட்ச் வேணும். சுவரைக் கொத்த அப்பா விடமாட்டேங்காரு.

அப்பா சொல்றதுதான் சரி. பேட்டரி இல்லாத கைனடிக் சுவிட்ச் வாங்குங்க. அமுக்குற விசையிலேயே உள்ளே இருக்கிற காந்தமும் கம்பிச்சுருளும் சிக்னல் அனுப்புற அளவுக்கு மின்சாரம் உண்டாக்கிடும். டேப்ல ஒட்டினா போதும். அந்த சிக்னலை வாங்கி விளக்கைப் போட்டு அணைக்கிற ரிசீவர் விளக்குப் பக்கத்துல, ஃபேஸும் நியூட்ரலும் கிடைக்கிற இடத்துல இருக்கணும். பழைய சுவிட்சை ஆன்லயே விட்டுருங்க. தட்டுக்கு மேல வர்ற ஜாயின்ட்டை வெறும் டேப் சுத்தி விடாதீங்க, மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள வைங்க. காய்ஞ்ச மரம், பயப்படணும்.

நாகர்கோவில்: வைஃபை சுவிட்ச் மாட்டினதுல இருந்து, ஆஃப் பண்ணினாலும் 9 வாட் பல்பு லேசா எரியுது. பல்பு போச்சா?

பல்பு நல்லாத்தான் இருக்கு. உங்க சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் வந்திருக்காது. ஃபேஸும், விளக்குக்குப் போற ரிட்டர்னும்தான் இருக்கும். அந்த மாதிரி இடத்துக்கு விக்கிற சுவிட்ச், தனக்கு வேண்டிய கரண்டை பல்பு வழியாவே இழுக்கும். பழைய 60 வாட் குண்டு பல்புல அது தெரியாது, எல்.இ.டி.ல தெரியும். இதுக்குன்னே வர்ற சின்ன கெப்பாசிட்டரை விளக்குக்கு பேரலலா எலக்ட்ரீஷியனை வச்சு மாட்டுங்க. சிலர் எர்த் வயரையே நியூட்ரலா கொடுத்துட்டுப் போவாங்க. தயவுசெய்து சம்மதிக்காதீங்க. எர்த் எங்கேயாவது விட்டுப்போனா ஃப்ரிட்ஜைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

மார்த்தாண்டம்: ஃபால்ஸ் சீலிங்ல 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப். 230 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்துற டிரைவரை 10 மீட்டர் தள்ளி அலமாரிக்குள்ள வச்சோம். வெளிச்சமே பத்தல.

கணக்குப் போட்டுப் பாருங்க. 60 வாட் ஸ்ட்ரிப் 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு வயர் போக வர 20 மீட்டர்னா கிட்டத்தட்ட 0.36 ஓம். 1.8 வோல்ட் வழியிலேயே போச்சு, ஸ்ட்ரிப்புக்குக் கிடைக்கிறது 10 சொச்சம்தான். இதே 60 வாட்டை 24 வோல்ட்ல எடுத்திருந்தா 2.5 ஆம்பியர், இழப்பு 0.9 வோல்ட். அது கண்ணுக்கே தெரியாது. இப்போ ஸ்ட்ரிப்பை மாத்த வேண்டாம். 230 வோல்ட் வயரை நீட்டி டிரைவரை சீலிங் பக்கம் கொண்டு போங்க, கை எட்டுற, காத்துப் போற இடமா பார்த்து. ஸ்ட்ரிப்போட ரெண்டு முனையிலும் சப்ளை கொடுங்க. வயர்லெஸ் வேணும்னா டிரைவருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவுல 12 வோல்ட் கன்ட்ரோலர் வைக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் அது போதும். ஃபேன் ரெகுலேட்டரை இதுக்கு மாட்டாதீங்க.

குளச்சல்: கடலோர வீடு. வாசல் விளக்கு ரிசீவர் ஒரு வருஷம்கூட நிக்கல.

உப்புக்காத்துதான். ரிசீவர் வீட்டுக்குள்ள இருக்கட்டும், வெளியே வயர் மட்டும் போகட்டும். இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சா சிக்னல் போய்ச் சேராது. விளக்கு, தூசியும் தண்ணியும் உள்ளே போகாத ஐ.பி. 65 ரகமா வாங்கி, கேபிளைக் கீழ்ப்பக்கமா நுழைங்க. பழைய வயர் நுனியைப் பாருங்க. களிம்பு ஏறிப் பச்சையா இருந்தா, சுத்தமான செம்பு தெரியுற வரை வெட்டிட்டுத்தான் மாட்டணும்.

குலசேகரம்: வயர்லெஸ் சுவிட்ச் மாட்டியிருக்கோம். கரண்ட் போய் வந்தா நடுராத்திரி லைட் தானா எரியுது.

கரண்ட் திரும்பி வந்ததும் லைட் ஆன்ல இருக்கணுமா ஆஃப்ல இருக்கணுமான்னு செட்டிங்ல இருக்கும், ஆஃப்ல வைங்க. அது இல்லாத மாடலைப் படுக்கையறைக்கு வாங்காதீங்க.

இரணியல்: புது வீடு, இன்னும் பூசல. மாடிப்படிக்கு மூணு இடத்துல சுவிட்ச் வேணும். வயர்லெஸ் போடவா?

பூசாத சுவருக்கு வயர்லெஸ் எதுக்கு தம்பி? 12 வோல்ட் காயில் உள்ள இம்பல்ஸ் ரிலே ஒண்ணு, பேரலலா புஷ் பட்டன் எத்தனை வேணுமோ அத்தனை. ஒருதரம் அமுக்கினா எரியும், மறுதரம் அணையும். பேட்டரியும் வேண்டாம், போனும் வேண்டாம். பட்டன் வயரை 230 வோல்ட் வயரோட ஒரே பைப்ல இழுக்க விடாதீங்க, தனி பைப் போடச் சொல்லுங்க. பூசுறதுக்கு முன்னாடி பைப் ஓடுற இடத்தையெல்லாம் படம் எடுத்து வச்சுக்கோங்க.